அலையின் நெறி கண்ட டாப்லர்

கை சென்று தீண்டாத இடத்திலுள்ள பொருளின் இயல்பை மாந்தர் அறிவது எங்ஙனம்? செவ்வாயின்மீது பரந்துள்ள காற்று எத்துணை அடர்ந்தது, வெள்ளியின் முகில்மண்டலத்தில் அழுத்தம் எவ்வளவு, சனியின் துணைக்கோளாகிய டைட்டனில் காற்று எத்துணை விரைவாக வீசுகின்றது என்பனவற்றையெல்லாம் இக்காலத்து அறிஞர் அளந்து கூறுகின்றனர். அவ்வளவைகளுட் பல, விண்கலம் ஒன்றிலிருந்து வரும் வானொலி அலையின் அதிர்வெண் சிறிது கூடுகின்றதா, குறைகின்றதா என்று உற்றுக் கேட்டதனாலேயே கிட்டின. இந்நெறிக்கு வித்திட்டவர் விண்கலத்தையும் அறியார்; வானொலியையும் அறியார். அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வானொலி அலைகளைச் சோதனையால் நிறுவினார். வறுமையாலும் பிணியாலும் வருந்தி, தாம் கண்ட உண்மை பழிக்கப்படுவதையும் கண்டு, 49 வயதிலேயே மறைந்த ஒரு கணித ஆசிரியரே அவர். கிறிஸ்தியான் டாப்லர் என்னும் அப்பெரியாரின் வரலாற்றையும், அவர் விதைத்தது விளைந்தவாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

டாப்லர் 1803-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் எழில்மிக்க நகரமாகிய சால்ஸ்பர்க்கில் பிறந்தார். இசைப் பேரறிஞர் மோட்சார்ட்டின் குடும்பத்தார் வாழ்ந்த இல்லம் எந்தச் சதுக்கத்தில் இருந்ததோ அதே சதுக்கத்திலேயே டாப்லர் பிறந்த வீடும் இருந்தது. அவர் குலத்தொழில் கல்தச்சு. தந்தையார் அத்தொழிலிற் சிறந்து விளங்கினார். குலமுறைப்படி மைந்தரும் உளியையும் சுத்தியையும் ஏந்தியிருத்தல் வேண்டும். ஆயின் இளமைதொட்டே உடல்வலி குன்றியிருந்தமையால் அக்கடுந்தொழிலுக்கு அவர் ஏற்றவரல்லர் எனக் கண்ட பெற்றோர், அவரைக் கல்வித் துறையிற் செலுத்தினர். சால்ஸ்பர்க்கில் கணிதம் பயிற்றிய ஸ்டாம்பர் என்னும் ஆசிரியர் இவ்விளைஞரின் கூர்ந்த மதியைக் கண்டு, வியன்னா நகரிலுள்ள தொழிற்கலைக் கல்லூரிக்குச் சென்று கணிதம் பயிலுமாறு தூண்டினார். அங்ஙனமே 1822-ஆம் ஆண்டு வியன்னாவிற்குச் சென்ற டாப்லர் ஆங்குக் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஆழ்ந்து கற்றார்.

கற்றவர்க்கெல்லாம் பதவி காத்திருப்பதில்லை என்னும் உண்மையை டாப்லர் விரைவில் உணர்ந்தார். 1829-ஆம் ஆண்டு வியன்னாவில் உயர்கணிதப் பேராசிரியர் ஒருவர்க்கு உதவியாசிரியராக அமர்ந்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். அப்பதவி நிலையானதன்று. 1833-இல் அது முடிவுற்றதும், ஓரிடத்திற்குப் பின் மற்றோரிடமாக விண்ணப்பம் செய்தும் யாதொரு கல்லூரியிலும் இடம் கிட்டவில்லை. வயிற்றுப்பாட்டின் பொருட்டு நூற்பாலை ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். நுண்கணக்குகளை ஆராய்ந்த மதி, பஞ்சுப் பொதிகளின் வரவுசெலவை எழுதிக் காலங்கழித்தது. மனமுடைந்த அவர் 1835-ஆம் ஆண்டில் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்காவிற்குக் குடியேறுவதெனத் துணிந்தார். தம் உடைமைகளையும் விற்று, மியூனிக் நகரம் சென்று அமெரிக்கத் தூதரையும் கண்டார். அந்நிலையில் பிராகு நகரத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக வருமாறு அழைப்பு வந்தது. அவ்வழைப்புச் சிறிது காலந் தாழ்த்து வந்திருப்பின் அவர் வாழ்வு வேறு வழியிற் சென்றிருக்கும்.

பிராகு நகரில் அவர் வாழ்வு சிறிது நிலைபெற்றது. 1836-இல் சால்ஸ்பர்க் பொற்கொல்லர் ஒருவரின் மகளாராகிய மத்தில்டே என்னும் நங்கையை மணந்தார். மக்கள் ஐவர் பிறந்தனர். 1841-ஆம் ஆண்டில் அந்நகரத்துத் தொழிற்கலைக் கல்லூரியில் முழுப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். பொஹீமிய அறிவியற் கழகமும் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது. அக்கழகத்திலேதான் 1842-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், தம் பெயரை நிலைநிறுத்திய கட்டுரையை அவர் படித்தார். கேட்டோர் மிகச் சிலரே. விரல்விட்டு எண்ணத் தக்கவர். ஆயினும் அச்சிலருள் போல்சானோ என்னும் மெய்யறிஞர் ஒருவர் இருந்தார். கருத்தின் அருமையை முதற்கண் உணர்ந்து, பலருமறியப் பாராட்டி எழுதியவரும் அவரே.

டாப்லர் கூறியது யாது? அலைகளுக்கு எதிராக ஒரு தோணி விரைந்து செல்லுமாயின், நின்ற தோணியைக் காட்டிலும் அதன்மீது மிகுதியான அலைகள் வந்து மோதும். அலைகள் செல்லும் திசையிலேயே அது விலகிச் செல்லுமாயின் மோதும் அலைகள் குறையும். கடல் மாறவில்லை, அலையும் மாறவில்லை, தோணியின் இயக்கமே எண்ணிக்கையை மாற்றியது. இங்ஙனமே அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரினும், நாம் அதனை நோக்கிச் செல்லினும், ஒரு வினாடியில் நம்மை வந்தடையும் அலைகளின் எண்ணிக்கையாகிய அதிர்வெண் கூடும். விலகிச் செல்லுங்கால் அது குறையும். புகைவண்டி நிலையத்தில் நிற்போர் யாவரும் இதனைச் செவியால் அறிவர். ஊதிக்கொண்டே வரும் வண்டியின் ஒலி நம்மைக் கடந்தவுடன் சுருதி தாழ்ந்துவிடுகின்றது. ஊதுகுழல் மாறவில்லை, அதன் இயக்கத்தின் திசையே நம்மைப் பொறுத்து மாறியது. டாப்லரின் நெறி இவ்வளவே. இதனை எழுத அவர்க்குச் சில வரிக் கணக்கே போதியதாயிற்று.

ஆயின் இந்நெறியைக் காட்டுதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று பிழையானது. விண்ணில் இணையிணையாகச் சுழலும் இரட்டை விண்மீன்கள் வெவ்வேறு நிறத்தோடு தோன்றுவதற்குக் காரணம் அவற்றின் இயக்கமே என்று அவர் கருதினார். விண்மீன்கள் இயல்பாக வெண்ணிறத்தன எனவும், நம்மை அணுகுங்கால் நீலமாகவும் அகலுங்கால் செம்மையாகவும் தோன்றுவன எனவும் கொண்டார். உண்மையில் விண்மீனின் நிறம் அதன் வெப்பநிலையைச் சார்ந்தது. கண்ணுக்குப் புலனாகுமாறு நிறத்தை மாற்றுதற்கு வேண்டும் வேகமும் அவ்விண்மீன்களுக்கு இல்லை. நெறி மெய், அதற்குக் காட்டிய எடுத்துக்காட்டுப் பொய். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுமை பலர்க்கு இல்லாமையால் டாப்லர் பெருந்துன்பம் எய்தினார்.

பிரித்தறிந்தோர் அறவே இலர் என்பதும் பொருந்தாது. ஒல்லாந்து நாட்டில் பைஸ் பாலட் என்னும் இளைஞர் இந்நெறியை ஐயுற்றுச் சோதிக்கத் துணிந்தார். 1845-ஆம் ஆண்டு உத்ரெக்ட் நகரத்தை அடுத்த இருப்புப்பாதையில் ஒரு புகைவண்டியை ஓட்டுவித்து, அதன்மீது எக்காளம் ஊதுவோரை ஏற்றினார். சுருதி பிழையாது உணரும் இசைவாணரைப் பாதையோரத்தில் நிறுத்தினார். பிப்ரவரி மாதத்தில் தொடங்கிய முயற்சி பனிப்புயலால் தடைப்பட்டது. ஜூன் மாதத்தில் மீண்டும் முயன்றபோது, வண்டி அணுகுங்கால் சுருதி உயர்ந்தும் அகலுங்கால் தாழ்ந்தும் ஒலித்ததை இசைவாணர் தெளிவாகக் கேட்டனர். ஒலியைப் பற்றியவரை டாப்லர் கூறியது மெய்யே என்று பைஸ் பாலட் உலகிற்கு அறிவித்தார். விண்மீன்களின் நிறத்தைப் பற்றிய கூற்றினை மட்டும் அவர் மறுத்தார். ஐயுற்றுப் புகுந்தவரே சான்று கூறியது உண்மை நாடுவோர்க்கு உரிய பண்பன்றோ!

இதற்கிடையில் டாப்லரின் உடல்நலம் நாளுக்குநாள் குன்றியது. பிராகுக் கல்லூரியில் நூற்றுக்கணக்கான மாணவர்க்குக் கற்பிப்பதும், அவரை ஒருவர்பின் ஒருவராக வாய்மொழியாலும் எழுத்தாலும் தேர்வதும் அவர் கடமையாயிருந்தன. இவர் மிகக் கடுமையாகத் தேர்வு நடத்துகின்றார் என்று மாணவர் முறையிட்டனர். மேலிடத்தினின்றும் கண்டனம் வந்தது. நுரையீரல் நோயும் தலைகாட்டியது. நெடுநாள் விடுப்பெடுத்து ஓய்வுற்றும் நோய் முற்றும் தீரவில்லை. 1847-இல் பிராகு நகரை விட்டு, ஷெம்னிட்ஸ் என்னும் மலைநகரத்துச் சுரங்கக் கலைக் கல்லூரியில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே ஐரோப்பாவெங்கும் மூண்ட புரட்சி அந்நாட்டையும் பற்றியது. அமைதி நாடிய டாப்லர் வியன்னாவிற்கு மீண்டார். 1850-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வியன்னாச் சர்வகலாசாலையில் புதிதாக நிறுவப்பெற்ற பௌதிக நிலையத்தின் முதல் தலைவராகப் பேரரசர் அவரை நியமித்தார். முன்னர்ப் பஞ்சாலைக் கணக்கராயிருந்தவர் பேரரசின் தலைநகரில் பௌதிகத்திற்குத் தலைவரானார். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மரபியலுக்கு அடிகோலிய கிரெகோர் மெண்டல் அங்கு அவரிடம் பாடங்கேட்டவருள் ஒருவர்.

உயர்வு வந்த அதே காலத்தில் பெரும் எதிர்ப்பும் வந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக விளங்கிய பெட்ஸ்வால் என்பார் ஒளிப்படக் கருவிக்குச் சிறந்த கண்ணாடி வில்லை அமைத்துப் புகழ்பெற்றவர். அவர் 1852-ஆம் ஆண்டில் அறிவியற் கழகத்தின் அவையில் எழுந்து டாப்லரின் நெறியைக் கடுமையாகத் தாக்கினார். இயற்கையின் பேருண்மைகள் அரிய சமன்பாடுகளினின்றே பிறத்தல் வேண்டும் எனவும், எளிய சில வரிகளிற் கூறப்படுவது மெய்யறிவாகாது எனவும் அவர் வாதித்தார். காற்று வீசுவதனால் இசைக்கருவியின் சுருதி மாறுவதில்லை என்பதையும் மறுப்பாகக் காட்டினார். அவர் கூறிய கணிதம் பிழையற்றதே. ஆயின் அது, அலையைத் தாங்கும் ஊடகம் இயங்குவதைப் பற்றியது. டாப்லர் கூறியதோ அலையை எழுப்புவோரும் ஏற்போரும் தம்முள் அணுகுவதையும் அகல்வதையும் பற்றியது. வினா ஒன்று, விடை மற்றொன்றுக்கு. டாப்லர் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டித் தம் நெறியினின்று சிறிதும் வழுவாது நின்றார். எனினும் பெட்ஸ்வாலின் பெரும்புகழ் கேட்டோர் உள்ளத்தில் ஐயத்தை விளைத்தது.

அவ்வாண்டின் இறுதியில் நோய் முற்றவே, வெம்மையான காற்றை நாடி டாப்லர் வெனிஸ் நகருக்குச் சென்றார். அங்கும் நலம்பெறவில்லை. 1853-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் அந்நகரில் உயிர் நீத்தார். தம் நெறி விண்மீன்களின்பாற் சென்று பயன்பட்டதை அவர் கண்ணாரக் காணவில்லை.

அவர் மறைவுக்குப்பின் உண்மை மெல்லமெல்ல வெளிப்பட்டது. 1860-இல் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மாக் என்னும் இளைஞர், நீண்ட குழாயின் முனையில் ஊதியொன்றைப் பொருத்திச் சுழற்றி, சுழலின் எதிரே நிற்போர்க்குச் சுருதி ஏறியிறங்குவதையும், சுழலச்சின் நேரே நிற்போர்க்கு மாறாதிருப்பதையும் யாவரும் கேட்குமாறு செய்தார். ஒளியிலும் இந்நெறி உண்டென்பதை நிறத்திற் காணாது, நிறமாலையின் கருங்கோடுகள் இடம்பெயர்வதிற் காணவேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் பீசோ 1848-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். 1868-இல் ஆங்கில வானியலார் ஹக்கின்ஸ் சிரியஸ் என்னும் விண்மீனின் இயக்கத்தை அவ்வழியே அளக்க முற்பட்டார். விண்மீன்களின் இயக்கத்தை அளப்பதற்குத் தம் நெறி ஒருநாள் கருவியாகும் என்று டாப்லர் கொண்டிருந்த நம்பிக்கை இவ்வாறு நிறைவேறத் தொடங்கியது.

இனி, கோள்களின் வாயுமண்டலத்தை அளத்தற்கு இந்நெறி உதவியவாற்றைக் காண்பாம். விண்கலம் ஒன்று கோளின் பின்புறமாக மறையப் போகின்றது என வைத்துக்கொள்வோம். அது விடுக்கும் வானொலி அலை பூமியை அடைகின்றது. கலத்தின் வேகம் தெரிந்திருத்தலால், டாப்லரின் கணக்குப்படி அவ்வலையின் அதிர்வெண் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதை முன்னரே கணித்துவிடலாம். கலம் கோளின் விளிம்பை அணுகியதும் அலை அக்கோளின் காற்றினூடே வருகின்றது. நீரில் நிற்கும் கோல் வளைந்து தோன்றுமாறு போல, காற்றினூடே வரும் அலையும் சிறிது வளைகின்றது. வளையவே, கலத்திலிருந்து அலை புறப்படும் திசை மாறுகின்றது. அத்திசையிற் கலத்தின் வேகமும் மாறுகின்றது. அதனால் அதிர்வெண்ணும் சிறிது மாறுகின்றது. கணித்த எண்ணுக்கும் வந்தடைந்த எண்ணுக்கும் உள்ள வேற்றுமையே காற்று எழுதிய எழுத்தாகும். கலம் மேலும் தாழத்தாழ அலை அடுத்தடுத்த அடர்ந்த படலங்களினூடே வருகின்றது. வெங்காயத்தை உரிப்பதுபோல் புறத்தினின்று அகம்நோக்கி ஒவ்வொரு படலத்தின் அடர்த்தியையும் கணக்கிடலாம். மேலுள்ள காற்றின் எடையைக் கூட்டினால் அழுத்தம் கிட்டும். காற்று இன்ன வாயுக்களால் ஆயது என்பது தெரியின், அழுத்தத்தினின்றும் அடர்த்தியினின்றும் வெப்பநிலையும் கிட்டும்.

இம்முறையால் செவ்வாயை முதலில் அளந்தது, அமெரிக்கர் 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆம் நாள் ஏவிய நான்காம் மாரினர் என்னும் கலமாகும். செவ்வாயின் தரைமட்டத்துக் காற்றழுத்தம் 85 மில்லிபார் அளவு இருக்கும் எனப் பல்லாண்டுகள் வானியலார் கருதிவந்தனர். 1964-ஆம் ஆண்டளவில் நிறமாலை ஆராய்ச்சியால் அது 25 மில்லிபார் அளவிற்குக் குறைக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில் கலம் செவ்வாயைக் கடந்து அதன் பின்னே மறைந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 230 கோடி முறை அதிரும் அவ்வலையில் செவ்வாய்க் காற்று விளைத்த மாற்றம் சில அதிர்வுகளே. அச்சிறு மாற்றத்தினின்று, அழுத்தம் 4 முதல் 7 மில்லிபார் அளவே என்பது வெளிப்பட்டது. பூமியில் கடல்மட்டத்து அழுத்தம் 1013 மில்லிபார் என்பதோடு இதனை ஒப்பிடுக. செவ்வாயில் இறங்கவிருந்த கலங்களின் திட்டங்கள் இம்மெல்லிய காற்றிற்கேற்ப மாற்றப்பட்டன. 1976-இல் வைக்கிங் கலங்கள் தரையிறங்கி அளந்தபோது இம்முடிபு உறுதியாயிற்று.

வெள்ளியின் கதையும் சுவையுடையது. 1967-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ஆம் நாள் சோவியத்து நாட்டின் நான்காம் வெனேரா வெள்ளியின் காற்றில் இறங்கி, வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து அனுப்பியது. அதன் ஒலி நின்ற இடமே தரை என்று முதலில் எண்ணப்பட்டது. மறுநாள் ஐந்தாம் மாரினர் வெள்ளியின் பின்னே மறைந்து வாயுமண்டலத்தை அளந்தது. அவ்வளவையையும், பூமியினின்று ராடார் கொண்டு அளந்த வெள்ளியின் பருமையையும் ஒப்புநோக்கியபோது, வெனேரா தரையை எட்டவில்லை என்பதும், தரைக்கு மேலே இருபது கிலோமீட்டருக்கும் மிகுந்த உயரத்திலேயே அதன் ஒலி அடங்கியது என்பதும் புலனாயின. தரையின் அழுத்தமோ நம் காற்றைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு.

டாப்லரை ஒருகணம் மறந்தோர் பட்ட துன்பமும் உண்டு. 1997-இல் ஏவப்பெற்ற காசினி என்னும் கலம், டைட்டனில் இறக்குதற்கு ஹைகன்ஸ் என்னும் சிறுகலத்தைச் சுமந்து சென்றது. சிறுகலத்தின் செய்தியைக் காசினி கேட்டுப் பூமிக்கு அனுப்புவதே ஏற்பாடு. இயக்கத்தால் அலையின் அதிர்வெண் மாறும் என்பதை எண்ணி வைத்தோர், அவ்வலை சுமந்துவரும் செய்திக்குறிகளின் வேகமும் அங்ஙனமே மாறும் என்பதற்குக் கருவியில் இடம் வைத்திலர். 2000-ஆம் ஆண்டில், கலம் பாதிவழியிற் சென்றுகொண்டிருக்கையில், சோதனையொன்றால் இக்குறை வெளிப்பட்டது. கருவியைத் திருத்த இயலாது. ஆதலின் காசினி செல்லும் வழியையே மாற்றி, சிறுகலத்தை அது நேரே அணுகாமல் ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் தொலைவில் பக்கமாகக் கடந்து செல்லுமாறு செய்து, டாப்லர் மாற்றத்தைக் குறைத்தனர். 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள் ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கியது. அன்று காற்றின் வேகத்தை அளக்கும் அலைவரிசையைக் காசினி கேட்கத் தவறியது. ஆயினும் பூமியிலிருந்த பெரும் வானொலித் தொலைநோக்கிகள் ஏறத்தாழ 120 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அம்மெல்லொலியைக் கேட்டன. அதன் அதிர்வெண் ஏறியிறங்கியதைக் கொண்டே, மிக உயரத்தில் மணிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் வீசும் காற்று, தரையருகில் இளந்தென்றலினும் மெல்லியதாகின்றது என்பதை அறிந்தனர்.

இவ்வரலாற்றினின்று கலாசாலையினராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? டாப்லர் பிழையே செய்யாதவர் அல்லர். அவர் காட்டிய சான்று தவறானது. அவரைப் பழித்த பெட்ஸ்வாலின் கணிதமோ சரியானது. எனினும் உண்மை டாப்லரின் பக்கமே இருந்தது. ஒருவர் கூற்றில் ஒருபகுதி பொய்த்தது கண்டு முழுவதையும் எறிந்துவிடுவோர், பதரோடு நெல்லையும் தூற்றிவிடுவோர் ஆவர். ஐயம் உண்டாயின் பைஸ் பாலட் செய்ததுபோல் வண்டியை ஓட்டிக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவையில் உயர்ந்த குரல் எது என்று நோக்கி முடிவு செய்தல் ஆகாது. தேர்வு எழுதுவோரும் தேர்வு நடத்துவோரும் ஒருங்கே வாழும் இடம் கலாசாலை. இங்கு இவ்விரு திறத்தாரும் இதனை நினைவிற் கொள்வாராக. சிலர் மட்டுமே கேட்ட அச்சிறு கட்டுரை, மூச்சுத் திணறி மறைந்த அப்பேராசிரியரின் பெயரைத் தாங்கி, இன்றும் கோள்தோறும் சென்று அவற்றின் காற்றை அளந்து வருகின்றது.